கவிழ்ந்த கயாக் கைநழுவிப் போகாமல் இருக்க

கேள்வி இதுதான்: சென்னைக்குத் தெற்கே கோவளம் பக்கம் கடலில் கயாக் ஓட்டுகிறீர்கள், சில நாள் தனியாக, சில நாள் ஒரு நண்பரோடு. இரண்டு முறை கவிழ்ந்திருக்கிறீர்கள். இரண்டு முறையும் நீங்கள் மூச்சு வாங்கித் திரும்பிப் பார்ப்பதற்குள் படகு காற்றோடு போய்விட்டது. இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டிப் படகோடு பிணைத்துக்கொள்ளலாமா?

முடிச்சுப் போட்ட கயிறு வேண்டவே வேண்டாம். அலை உடையும் இடத்தில் அது ஆளையே கொன்றுவிடும். அலை உடையாத வெளிக்கடலில் சரியான லீஷ், அதாவது படகோடு பிணைக்கும் தனிப் பட்டை, உதவும், அதற்கு நிபந்தனைகள் இருக்கின்றன, பிறகு சொல்கிறேன். ஆனால் உங்களுக்கு முதலில் தேவை கயிறு இல்லை. கவிழ்ந்த நொடிக்கும் தலை வெளியே வந்த நொடிக்கும் நடுவில் எங்கோ உங்கள் உடம்பு படகை விட்டுவிடுகிறது. அது எந்த இடம் என்று கண்டுபிடித்துச் சரிசெய்தால் லீஷுக்கு அநேகமாக வேலையே வராது.

படகு ஏன் அப்படி ஓடுகிறது? கடல் கயாக் ஐந்து மீட்டர் நீளம், இருபத்தைந்து கிலோ எடை. முன்னும் பின்னும் தடுப்புச் சுவர் வைத்து அடைத்த காற்றறைகள். நீங்கள் உள்ளே இருக்கும்வரை உங்கள் எடை அதை நீரில் அழுத்தி வைத்திருக்கும். நீங்கள் வெளியே வந்ததும் அது மேலே எழும்பி, காற்றுக்குப் பக்கவாட்டில் திரும்பி நிற்கும். காற்று தள்ளுவதற்கு முழு நீளமும் கிடைத்துவிடுகிறது. மணிக்கு 3 கிலோமீட்டர் வேகம் என்றால் நடப்பதைவிட மெதுவாகத் தெரியும், ஆனால் நிமிடத்துக்கு 50 மீட்டர். லைஃப் ஜாக்கெட்டோடு, கையில் துடுப்போடு, உப்புத் தண்ணீர் குடித்த தொண்டையோடு அந்த வேகத்தில் நீந்திப் பிடிப்பது நல்ல நீச்சல்காரருக்கும் கடினம். நீங்கள் களைக்கக் களைக்க மெதுவாவீர்கள். காற்று களைப்பதில்லை.

படகு தலைகீழாகக் கிடந்தால் இவ்வளவு வேகமாகப் போகாது. டெக்கும் (படகின் மேல்தளம்) காக்பிட் விளிம்பும் (உட்காரும் குழியின் ஓரம்) நீருக்குள் இருந்து இழுத்துப் பிடிக்கும், காற்றுக்கு வழவழப்பான அடிப்பக்கம் மட்டும்தான் தெரியும். அதனால் வெளியே வந்தவுடன் படகை நிமிர்த்தும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பலரும் பதற்றத்தில் முதலில் செய்வது அதைத்தான். ஏறத் தயாராகும்வரை கவிழ்ந்தபடியே கிடக்கட்டும். காக்பிட்டுக்குள் சிக்கிய காற்றும் அப்படியே இருக்கும். அவசரமாகப் புரட்டினால் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீரை மொண்டுகொண்டுதான் நிமிரும்.

இப்போது அந்தச் சில நொடிகளுக்கு வருவோம். ஸ்பிரே ஸ்கர்ட், அதாவது தண்ணீர் புகாமல் இடுப்பைச் சுற்றி காக்பிட்டை மூடும் உறை, போட்டு உட்காரும் படகு என்று வைத்துக்கொள்கிறேன்.

கவிழ்ந்ததும் முன்னால் குனியுங்கள், நெற்றி டெக்கைத் தொடும் அளவுக்கு. பின்னால் சாய்ந்தால் இரண்டு கெடுதல்: முகம் அடிமண்ணுக்கும் பாறைக்கும் நேராகப் போகும், தொடை டெக்கின் அடியில் மாட்டி வெளியே வருவதே கஷ்டமாகும். ஒரு கையில் துடுப்பின் தண்டு. மறு கை காக்பிட் விளிம்பைத் தடவிக்கொண்டே முன்னால் போய் ஸ்கர்ட்டின் இழுப்பு வளையத்தைப் பிடிக்க வேண்டும். வளையத்தை உங்களை நோக்கி இழுத்தால் கழலாது. முதலில் முன்னால் தள்ளி, பிறகு டெக்கிலிருந்து விலக்கி, அதன் பிறகு உடம்பை நோக்கி இழுக்க வேண்டும். கழன்றதும் இரண்டு கைகளும் விளிம்பு வழியாகவே இடுப்புக்குப் பக்கத்தில் வரட்டும். துடுப்புக் கையும்தான்: தண்டை விளிம்போடு சேர்த்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்ளலாம். கால்களை நேராக்கி, கால்சட்டையைக் கழற்றுவதுபோலப் படகை இடுப்பிலிருந்து தள்ளிக் கழற்றுங்கள்.

பெரும்பாலான படகுகள் கைநழுவுவது இந்த இடத்தில்தான். வெளியே வரும் அவசரத்தில் இரண்டு கையையும் விட்டு, காலால் உதைத்து மேலே வருகிறார்கள். படகுக்கு அது நல்ல ஓர் உந்து. இதைத் தடுக்க எளிய வழி, இடுப்பு வெளியே வந்த பிறகும் ஒரு பாதத்தை காக்பிட்டுக்குள்ளேயே விளிம்பில் கொக்கிபோல மாட்டி வைப்பது. லைஃப் ஜாக்கெட் உங்களை மேலே கொண்டுவந்துவிடும், உதைக்கத் தேவையில்லை. தலை வெளியே வந்து, ஒரு கை டெக் கயிற்றை இறுகப் பிடித்த பிறகு பாதத்தை விடுவியுங்கள். அங்கிருந்து படகின் எந்த முனைக்குப் போவதானாலும் ஒரு கை அடுத்த பிடியைப் பிடித்த பிறகே மறு கையை எடுக்க வேண்டும். தென்னை ஏறுபவர் கையையும் காலையும் ஒருசேர விடமாட்டார் அல்லவா, அதே கணக்கு.

படகா, துடுப்பா என்று வந்தால் படகுதான். இரண்டையும் காப்பாற்ற முடிந்தால் நல்லது. ஆனால் மூன்று மீட்டர் தள்ளி மிதக்கும் துடுப்பை எடுக்கப் படகை விட்டுவிட்டுப் போனவர்கள்தான் இரண்டையும் இழக்கிறார்கள். முன் டெக்கில் கை எட்டும் இடத்தில், இரண்டாகப் பிரியும் மாற்றுத் துடுப்பு ஒன்றைச் சொருகி வைத்திருந்தால் இந்தச் சபலமே வராது. பின் டெக்கில் வைத்தால் தண்ணீரில் இருந்துகொண்டு எடுப்பது சிரமம்.

எதைப் பிடிக்கிறோம் என்பதும் முக்கியம். டெக்கின் ஓரமாகப் படகைச் சுற்றி ஓடும் கயிறு, 5 அல்லது 6 மில்லிமீட்டர் பின்னல் பாலியஸ்டர், நீளாதது, அதுதான் பிடிக்க ஏற்றது. சாமான் சொருகும் ரப்பர் பங்கீ கயிறு பிடிக்க ஆகாது. இழுத்தால் நீளும், திடீரென்று கொக்கி கழன்று வரும். டெக் கயிற்றின் தளர்வு உள்ளங்கை நுழையும் அளவுக்கு இருக்கட்டும், முழங்கை நுழையும் அளவுக்கு வேண்டாம். நம் வெயிலில் கயிறு சீக்கிரம் செத்துவிடும். தடவினால் வெள்ளைப் பொடி வருகிறதா, மடக்கினால் விறைத்து நிற்கிறதா என்று பாருங்கள், அப்படியானால் மாற்றுங்கள். அதைத் தாங்கும் திருகுகளில் துரு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வாடகைப் படகுகளில் பல சமயம் இந்தக் கயிறே இருக்காது. அப்படிப்பட்ட படகைக் கரையை விட்டு விலகி எடுத்துச் செல்லாதீர்கள்.

அலை உருட்டும் இடத்தில் டெக் கயிற்றைவிட முனையில் தொங்கும் பிடியே மேல். படகு தன் அச்சில் சுழலும்போது டெக் கயிற்றில் நுழைந்த விரல்கள் முறுக்கிக்கொள்ளும், எலும்பு உடையும். முனைப்பிடியில் ஒரு குறுக்குக் கட்டை இருக்கும். உள்ளங்கையால் பற்றினால் படகு சுழன்றாலும் கட்டை கைக்குள்ளேயே திரும்பும். எந்தப் பிடியானாலும் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாதீர்கள். பின்னால் உலோகச் சுக்கான் உள்ள படகானால் அணியத்துக்கே போங்கள், அதாவது முன்முனைக்கு. சுக்கான் தகடு அலையில் வெட்டுக்கத்திதான்.

எந்தப் பக்கம் நிற்பது என்பதில் இரண்டு விதி இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அலை உடையும் இடத்தில் எப்போதும் கடல் பக்கம். படகுக்கும் கரைக்கும் நடுவில் ஒருபோதும் நிற்காதீர்கள். தண்ணீர் நிறைந்த படகு நூற்றைம்பது கிலோவுக்கு மேல் கனக்கும், அலை அதைத் தூக்கி நெஞ்சிலோ முழங்காலிலோ எறியும். முட்டளவு தண்ணீருக்கு வந்த பிறகும் இது பொருந்தும். எழுந்து நின்றுவிட்டோம் என்ற நிம்மதியில் படகுக்கு முன்னால் போகிறவர்களுக்குத்தான் கால் உடைகிறது. அலை உடையாத வெளிக்கடலில் மட்டும் காற்றைப் பார்க்க வேண்டும்: படகுக்குக் காற்று போகும் பக்கத்தில் நீங்கள் இருந்தால், பிடி நழுவினாலும் படகு உங்களை நோக்கித்தான் வரும். காற்று வரும் பக்கத்தில் இருந்து பிடி நழுவினால் படகு விலகிப் போகும்.

அலை உடையும் இடத்தில் இன்னொன்றும் உண்டு. கரையை நோக்கிக் காற்றும் அலையும் இருக்கின்றன, கரை கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, படகு கையைப் பிடுங்குகிறது என்றால் விட்டுவிடுங்கள். படகைக் கரை பிடித்து வைத்துக்கொள்ளும். தூண்டில் வளைவுப் பாறைகளுக்குப் பக்கத்தில் என்றால் இன்னும் சீக்கிரம் விட வேண்டும். சென்னையிலிருந்து தெற்கே பல ஊர்களில் மண்ணரிப்பைத் தடுக்கக் கொட்டிய கற்கள் இவை. படகோடு சேர்ந்து அங்கே போய் மாட்டினால் கல்லுக்கும் படகுக்கும் நடுவில் நசுங்குவது நீங்கள்தான். படகைப் பாறைக்குக் கொடுத்துவிட்டு, முதலில் கடல் பக்கமாக விலகி நீந்துங்கள், பிறகு பக்கவாட்டில் மணல் தெரியும் இடத்துக்கு.

இனி லீஷ். இரண்டு வகை இருக்கிறது, பலர் ஒன்றென்று நினைக்கிறார்கள்.

ஒன்று துடுப்பையும் படகையும் இணைப்பது. ஒரு முனை துடுப்புத் தண்டில், மறு முனை காக்பிட்டுக்கு முன்னால் டெக் கயிற்றில், நீளம் ஒன்றேகால் மீட்டர் போதும். இதன் அருமை என்னவென்றால், கவிழ்ந்ததும் கை தன்னிச்சையாக இறுகப் பிடிப்பது துடுப்பைத்தான். அதைப் பிடித்திருந்தால் படகையும் பிடித்த மாதிரி. கையை விட்டுவிட்டாலும், நீரில் இழுபடும் துடுப்பு படகின் ஓட்டத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். மறு முனையைப் படகில் மாட்டாமல் உங்கள் மணிக்கட்டில் மாட்டினால் துடுப்பு மட்டும்தான் மிஞ்சும். கடையில் கிடைக்கும் தொலைபேசிச் சுருள் மாதிரியான லீஷ்களில் கயிறு அறுவதில்லை, பிளாஸ்டிக் கொக்கிதான் உடையும். வாங்கியதும் ஒரு மரத்தில் மாட்டி, இரண்டு கையாலும் உடம்பு எடை முழுவதும் போட்டு இழுத்துப் பாருங்கள். அதில் உடைந்தால் நல்லதே. வெல்க்ரோவில் மணலும் உப்பும் ஏறினால் பிடிப்பு போய்விடும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

இரண்டாவது வகை உங்களையும் படகையும் இணைப்பது. சர்ஃப் ஸ்கீ ஓட்டுபவர்கள் காலில் மாட்டும் லீஷ் இதுதான். அந்தப் படகில் காக்பிட் கிடையாது, விழுந்தால் தொடர்பு அப்போதே அறும், காலியான ஸ்கீ காற்றில் உருண்டுகொண்டே போகும். அதனால் பல பந்தயங்களில் கால் லீஷ் இல்லாமல் இறங்கவே விடமாட்டார்கள். கோவளத்திலும் ராமேஸ்வரத்திலும் வாடகைக்குக் கிடைக்கும், உள்ளே நுழையாமல் மேலேயே உட்காரும் சிட்-ஆன்-டாப் கயாக்குக்கும் இதே நியாயம் பொருந்தும். ஸ்பிரே ஸ்கர்ட் படகில் நான் மேலே சொன்ன பாதக் கொக்கி உத்தி இருக்கிறது. சிட்-ஆன்-டாப்பில் அப்படி எதுவும் இல்லை, சோப்பு நழுவுவதுபோல விழுந்துவிடுவோம். அதில் வெளிக்கடலுக்குத் தனியாகப் போவதென்றால் லீஷ் போடத்தான் வேண்டும்.

நிபந்தனைகள் இவை. இழுவிசை இருக்கும்போதும் ஒரே இழுப்பில் கழல வேண்டும். முடிச்சும் சாதாரணக் கராபினரும் (ஸ்பிரிங் வாயுள்ள உலோகக் கொக்கி) இதில் தேறாது. படகு இழுத்துக்கொண்டிருக்கும்போது இரண்டையும் திறக்க முடியாது. லைஃப் ஜாக்கெட்டில் தைத்த, உருண்டையைப் பிடித்து இழுத்தால் திறக்கும் பட்டை, அல்லது காலில் போடும் விடுபடு பட்டை, இவை இரண்டுதான் சரி. கரையிலேயே லீஷை ஒரு தூணில் மாட்டி, முழு எடையில் சாய்ந்து, வலது கையால் ஒரு முறை, இடது கையால் ஒரு முறை, கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை கழற்றிப் பாருங்கள். நீளம் இரண்டு, இரண்டரை மீட்டர், சுருளாக இருந்தால் நல்லது. நீளமாகத் தொங்கும் கயிறு காலைச் சுற்றும். சிக்கினால் அறுக்க, மழுங்கிய நுனியுள்ள கத்தி லைஃப் ஜாக்கெட்டின் முன்பக்கம் இருக்கட்டும். நம் கரையில் வலைகள் விரித்திருக்கும் என்பதால் லீஷ் இல்லாவிட்டாலும் இந்தக் கத்தி வேண்டும்.

அலை உடையும் இடத்துக்குள் நுழைவதற்கு முன்னால் இரண்டு லீஷையும் கழற்றிவிட வேண்டும். போகும்போது அலையைத் தாண்டிய பிறகு மாட்டுவது, வரும்போது அலைக்கு வெளியே நிறுத்திக் கழற்றுவது. முகத்துவாரத்திலும் மாட்டாதீர்கள். வற்றும் நீரோட்டம் உங்களைப் பாலத் தூணின் ஒரு பக்கமும் படகை மறு பக்கமும் கொண்டுபோனால் லீஷ் தூணில் வளைந்து உங்களை நீருக்குள் இழுக்கும்.

மறுபடி ஏறும் நேரமும் படகு நழுவும் நேரம்தான், இதை யாரும் கவனிப்பதில்லை. ஏறும்போது படகு சாயாமல் இருக்கத் துடுப்பு முனையில் மாட்டும் ஊது பையை உபயோகிக்கிறீர்கள் என்றால் அதை ஊத எட்டுப் பத்து மூச்சு பிடிக்கும், இரண்டு கையும் வேண்டும். அப்போது படகை யார் பிடிப்பது? கால்தான். மல்லாந்து மிதந்தபடி ஒரு காலை முழங்கால்வரை கவிழ்ந்த காக்பிட்டுக்குள் விட்டு மாட்டிக்கொள்ளுங்கள், கைகள் இரண்டும் விடுதலை. அதற்குப் பிறகு நிமிர்த்தி ஏறும்போதும், துடுப்புத் தண்டையும் காக்பிட்டின் பின்விளிம்பையும் ஒரே கையால் சேர்த்துப் பிடிக்க வேண்டும். சிட்-ஆன்-டாப் கவிழ்ந்தால் அடிப்பக்கத்தின் மேல் படுத்து, எதிர்ப்பக்கக் கைப்பிடியை எட்டிப் பிடித்துப் பின்னால் சாய்ந்து இழுத்தால் நிமிரும். நிமிரும்போது பிடியை விட்டுவிட்டால் திரும்ப முதலிலிருந்து. ஏறும்போது வயிறு, பிட்டம், பிறகு கால், இந்த வரிசை. கடலில் இறங்குவதற்கு முன், படகுக்குள் சேரும் தண்ணீரை வடிக்கும் துளையின் அடைப்பான் இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே தண்ணீர் புகுந்த படகு ஏற ஏறக் கவிழும்.

நண்பரோடு போகும் நாட்களுக்கு ஒரே விதி: தண்ணீரில் இருப்பவர், மற்றவர் வந்து தன் படகைப் பிடித்துக்கொண்டு "பிடிச்சுட்டேன், விடு" என்று சொல்லும்வரை விடக் கூடாது. விட்டதும் நண்பருடைய படகின் டெக் கயிறு கையில் இருக்க வேண்டும். படகு ஏற்கெனவே போய்விட்டது என்றால் நண்பர் படகைத் துரத்தக் கூடாது, ஆளிடம்தான் வர வேண்டும். அலைகளுக்கு நடுவே தலை மட்டும் தெரியும் ஆளை நூறு மீட்டரில் தொலைத்துவிடலாம். ஆளை அணியத்திலோ பின் டெக்கிலோ ஏற்றிக்கொண்டு பிறகு சேர்ந்து படகைத் தேடலாம். மூவர் இருந்தால் ஒருவர் ஆளோடு, ஒருவர் படகின் பின்னால்.

எல்லாம் மீறிப் படகு போய்விட்டால்? முதல் பத்து நொடிதான் கணக்கு. குப்புறப் படுத்து, முழு வேகத்தில் இருபது வீச்சு நீந்திவிட்டு நிமிர்ந்து பாருங்கள். இடைவெளி குறைந்திருந்தால் இன்னும் இருபது. குறையவில்லை என்றால் அத்தோடு நிறுத்துங்கள். வேகத்துக்காக லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றும் எண்ணம் வரும், கழற்றாதீர்கள். அதன் பிறகு உங்கள் உடம்பில் என்ன இருக்கிறதோ அதுதான் உங்கள் சொத்து. விசிலும், நீர்புகாப் பையில் போனும் லைஃப் ஜாக்கெட்டில் இருக்க வேண்டும், படகின் அறைக்குள் வைத்தால் அவை படகோடு போகும். இந்தியக் கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. ஆனால் முதலில் வந்து சேரக்கூடியது பக்கத்துக் குப்பத்தின் ஃபைபர் படகாகத்தான் இருக்கும். இறங்கும் ஊரில் ஒரு மீனவரிடம் பேசி, அவர் எண்ணை வாங்கி, எந்தத் திசை போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். துடுப்பு கையில் இருந்தால் அலகை மேலே நிமிர்த்தி ஆட்டுங்கள். தலையைவிட அது தூரத்துக்குத் தெரியும்.

காற்றைப் பற்றி ஒன்று, உங்கள் கரைக்கே உரியது. ஜூன் முதல் செப்டம்பர்வரை காலை நேரத்தில் கச்சான் என்னும் மேல்காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும். கரையோரத் தண்ணீர் குளம்போலத் தட்டையாக இருக்கும், அதைப் பார்த்து நல்ல நாள் என்று தோன்றும். அரை கிலோமீட்டர் போனால் நிலத்தின் மறைப்பு போய்விடும், காற்று முழுதாக முதுகில் இருக்கும். அங்கே கைவிட்ட படகு வங்காள விரிகுடாவுக்குள் போகும், நீங்களும் மெல்ல அதன் பின்னால் போவீர்கள். மதியத்துக்கு மேல் கடற்காற்று திரும்பலாம், ஆனால் எத்தனை மணிக்கு என்று நம்பி இறங்க முடியாது. அந்த மாதங்களில் காலையில் தனியாகப் போவதானால் கரையை ஒட்டியே போங்கள்.

பயிற்சிக்குக் கரையை நோக்கிக் காற்று அடிக்கும், அலை சிறிதாக உள்ள ஒரு மாலையைத் தேர்ந்தெடுங்கள். ராமேஸ்வரம் பக்கம் போக வாய்த்தால் அலை குறைந்த நாளில் பாக் நீரிணைப் பக்கம் இன்னும் வசதி. மார்பளவு நீரில், நண்பர் பக்கத்தில் நிற்க, முதலில் படகை நிமிர்ந்தபடி காலியாக விட்டுவிட்டுப் பத்து எண்ணிவிட்டுத் துரத்திப் பாருங்கள். பிறகு கவிழ்த்து விட்டு அதேபோல. வித்தியாசத்தை உங்கள் கைகால் நினைவில் வைத்துக்கொள்ளும். அதன் பிறகு பத்து முறை கவிழ்ந்து வெளியே வாருங்கள். நண்பர் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: எந்த நொடியில் உங்கள் கை, கால் எதுவும் படகில் இல்லை. முதல் மூன்று முறையில் அந்த நொடி எங்கே என்று தெரிந்துவிடும். உங்களுக்கு அது பாதத்தை எடுக்கும் இடமாக இருக்கும் என்பது என் ஊகம். பத்துக்குப் பத்து தொடர்பு அறாமல் வந்த பிறகு, கண்ணை மூடிக்கொண்டு ஐந்து முறை, ஏனென்றால் கலங்கிய தண்ணீரில் எதுவும் தெரியப் போவதில்லை.